ஹார்மன் போட்ட சுற்றுவழிகள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் ஆரம்பித்த பிரதிகளையெல்லாம் கிழித்துப் போட்டாயிற்று.

டச்சுக்காரர்கள் நாட்டின் வடக்கு ஓரத்தில், ஃப்ரீஸ்லாந்தில் எங்கள் தெரு. அதில் கால்வாயை ஒட்டிய கடைசி வீட்டில் ஹார்மனும் அவர் மனைவி ஹிஸ்கேயும் இருக்கிறார்கள். போன வசந்தத்தில் தங்கள் வீட்டுவண்டியை விற்றார்கள். க்ரோனிங்கனிலிருந்து வந்த இளம் தம்பதி சாவியை வாங்கி, குழந்தைகளை ஏற்றிக்கொண்டு, கையசைத்துவிட்டுப் போனார்கள். வண்டி நின்ற இடத்தில் புல் மஞ்சளித்து, நீள்சதுரமாகக் கிடந்தது. ஹார்மன் அதன் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நான். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று கேட்டேன்.

"இனிமே கோடைக்கு எங்க போவீங்க?"

"எங்கயும் போகல. சுத்திச் சுத்திப் போனது போதும்."

அந்தப் பதிலின் குரல் எனக்குப் பிடிபடவில்லை. காப்பிக்கு வரச் சொன்னார், போனேன். மிச்சத்தை அவர் சொன்னார். அவர் சொல்லாமல் விட்டதை ஹிஸ்கே சொன்னார். பெயர்களை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், மாற்றியிருக்கிறேன்.

(வீட்டுவண்டி என்ற சொல் எனக்கே முழுத் திருப்தியாக இல்லை. கேரவன் என்று எழுதினால் படப்பிடிப்பில் நடிகர் ஓய்வெடுக்கும் குளிர்சாதன வண்டி நினைவுக்கு வரும். இது வேறு. அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு தானே ஓடும் வண்டி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இதிலேயே குடியிருந்துகொண்டு நாடு நாடாகப் போவார்கள்.)

2

முதல் பிரதி இப்படி ஆரம்பித்தது:

'மலையின் வாய் திறந்திருந்தது. ஹார்மன் அந்த இருட்டையே பார்த்தார். அவருடைய உள்ளங்கை வியர்த்து —'

வேண்டாம். பேய்க்கதைக்குத்தான் ஆகும்.

இரண்டாவது பிரதி கட்டுரை மாதிரி வந்தது. 'உயரமான வண்டியில் அயல்நாடு போகிறவர் தூரத்தைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பதில்லை. பழைய ரயில் பாலத்தின் அடியில் கூரை இடிக்கும். கிராமத்து மரப்பாலம் எடை தாங்காது. கடல்மேல் போட்ட நீளப் பாலங்களைக் காற்று பலத்தால் இவர்களுக்கு மட்டும் மூடிவிடுவார்கள். சமையல் எரிவாயு ஏற்றிய வண்டியைச் சில சுரங்கப்பாதைகள் உள்ளேயே விடாது. சில, உருளையின் குமிழை மூடிவிட்டு வரச் சொல்லும். பெரும்பாலானவை ஒன்றுமே கேட்காது...'

இதில் தப்பில்லை. ஆனால் மனிதர் யாரும் இல்லை. கடைசி வரியை மட்டும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். 'பெரும்பாலானவை ஒன்றுமே கேட்காது' என்பதை ஹிஸ்கேயிடம் யாரும் சொல்லவில்லை.

3

சரி, சாப்பாட்டு மேசையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஜனவரி. வெளியே கால்வாய் உறையலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. மேசை முழுக்க நார்வே வரைபடம். ஹார்மன் நகராட்சியில் அனுமதிப் பிரிவில் வேலை பார்த்தவர். யார் வீட்டுக்கு எவ்வளவு உயரத்தில் மாடி கட்டலாம், எங்கே கட்டக் கூடாது என்று சொல்வதே அவர் வாழ்க்கையாக இருந்தது. ஹிஸ்கே நகரப் பேருந்து ஓட்டியவர். ஆகவே வண்டியை ஓட்டுவது ஹிஸ்கே, வழி சொல்வது ஹார்மன். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் பெருமை உண்டு.

ஹிஸ்கே பட்டாணிச் சூப்பைக் கொண்டுவந்து, வைக்க இடமில்லாமல் நிற்கிறார்.

"நார்வேயைக் கொஞ்சம் நகத்து. சூப் ஆறுது."

"இரு. இந்தப் பாலத்துக்கு அடியில உயரம் போதுமான்னு பாக்கறேன்."

"போன தடவை டென்மார்க் பாலத்துல காத்து அடிக்கும்னு சொல்லி என்னை ரெண்டு நாள் பார்க்கிங்ல உக்கார வெச்ச. ஒரு இலைகூட அசையல ஹார்மன். பக்கத்துல ஒருத்தர் துணி காயப்போட்டிருந்தாரு, அதுகூட ஆடல."

"தடை போட்டிருந்தாங்க."

"உனக்குப் பொண்டாட்டியைவிடத் தடை மேலதான் பாசம்."

"தடை என்கிட்ட சூப்பை வெச்சுக்கிட்டுச் சண்டை போடாது."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இவர்கள் ஒருவரையொருவர் 'நீ' என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். ஒரு பிரதியில் ஹிஸ்கே கணவரை 'நீங்க' என்று கூப்பிடும்படி எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கத்துக்குள் அவர் வேறு யாரோ ஆகிவிட்டார். சூப்பைப் பேசாமல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மகள் மட்டும் அப்பாவை 'நீங்க' என்பாள். ஃப்ரீஸ்லாந்தில் அந்தப் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது.)

4

இங்கே ஹார்மனைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

வண்டி வாங்கிய முதல் கோடையில் ஆல்ப்ஸ் பக்கம் போனார்கள். நீளமான ஒரு சுரங்கப்பாதை. நடுவில் முன்னால் எங்கோ ஏதோ ஒரு வண்டி பழுதாகி, எல்லோரும் நின்றுவிட்டார்கள். மஞ்சள் விளக்கு, புகை நாற்றம், தலைக்கு மேல் மலை. ஹிஸ்கே ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். ஹார்மனுக்கு மூச்சு உள்ளே போகவில்லை. போனால் வெளியே வரவில்லை. இருக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் வயிறு சரியில்லை என்று சொல்லி, புல்வெளியில் படுத்துவிட்டார்.

அடுத்த கோடைக்கு வழி போடும்போது, "இந்த டன்னல்ல கேஸ் வண்டியை விடமாட்டாங்க" என்றார்.

அது உண்மை. அந்த ஒரு சுரங்கத்துக்கு உண்மை. அதற்கடுத்த சுரங்கத்துக்குப் பாதி உண்மை. அதற்குப் பிறகு உண்மை தேவைப்படவில்லை. அனுமதிப் பிரிவில் இருந்த மனிதர் 'விடமாட்டாங்க' என்று சொன்னால் யார் மறுத்துப் பேசுவது? மலையைச் சுற்றினார்கள். கணவாய் மேல் ஏறினார்கள். ஹிஸ்கே வளைவுகளில் அந்தப் பெரிய வண்டியைத் திருப்பி, எதிரே வருகிறவர்களைத் திட்டி, களைத்துப்போய் இறங்கி, "ஆனா காட்சி அழகு" என்பார்.

இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் வைக்க ஆசைப்பட்டேன். எழுதியும் விட்டேன்: 'சிறுவயதில் ஹார்மன் வடிகால் குழாய்க்குள் சிக்கி —'

ஹார்மன் அதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "அப்படி எதுவும் நடக்கல. காரணம் இருந்திருந்தா சொல்லியிருப்பேன். காரணம் இல்லாததுதான் வெக்கமா இருந்தது."

குழாயை எடுத்துவிட்டேன். காரணம் கொடுத்தால் அவரை மன்னிப்பது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

5

அவர்களுடைய ஒரே மகள் மாரிட். செவிலி. நார்வேயில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துப் போனவள் அங்கேயே ஐவிந்த் என்ற தச்சரைக் கட்டிக்கொண்டாள். திருமணம் ஃப்ரீஸ்லாந்தில் நடந்தது. விருந்தில் ஹார்மன், "தச்சு வேலைக்கு ஓய்வூதியம் உண்டா?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டார். அவர் சாதாரணமாகக் கேட்டார். எல்லோரிடமும் அதைத்தான் கேட்பார். ஐவிந்த் சிரித்தான். மாரிட் சிரிக்கவில்லை.

இருவரும் சேர்ந்து ஒரு வீடு கட்டினார்கள். கிராமம், மலைகளுக்கிடையே கடல் நீளமாக உள்ளே நுழையும் ஃபியோர்டின் கடைக்கோடியில், மலைக்கு அந்தப் பக்கம். சுரங்கப்பாதை வந்ததும் படகை நிறுத்திவிட்டார்கள். பழைய மலைச்சாலை நிலச்சரிவில் போய்விட்டது. சுரங்கம் ஒன்றுதான் வழி.

மலைக்கு இந்தப் பக்கம் வீட்டுவண்டிகள் தங்கும் முகாம் ஒன்று. ஒவ்வொரு கோடையும் ஹார்மனும் ஹிஸ்கேயும் அங்கே வந்து தங்குவார்கள். மாரிட் மீன்வடையும், பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த வாஃபிளும் எடுத்துக்கொண்டு சுரங்கம் வழியாக வருவாள். திரும்பும்போது அம்மாவைக் காரில் கூட்டிப்போவாள். அப்பா வரமாட்டார்.

"வண்டியைத் தனியா விட்டுட்டு வர முடியாதும்மா."

"யாருப்பா இங்க திருடப் போறா? ஆடா?"

"கேஸ் ஃப்ரிட்ஜ் ஓடுது. யாராவது இருக்கணும்."

அடுத்த வருடம் மாரிட் தொலைபேசியில் கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு சந்தோஷம் என்று ஹார்மன் சொன்னார்.

"அப்பா, இந்தத் தடவை வண்டியோடவே வீட்டுக்கு வந்துடுங்க. வீட்டுக்குப் பக்கத்துல உங்களுக்குன்னு ஜல்லி கொட்டிச் சமன் பண்ணியிருக்கோம். கரண்ட் இழுத்தாச்சு. தண்ணிக் குழாயும் இருக்கு. ஐவிந்த்தான் ரெண்டு வாரமா மண்ணு வெட்டினான்."

அவருக்கு அந்த இடத்தில் ஒரு பதில் தேவைப்பட்டது. கையிலிருந்தது ஒன்றுதான்.

"அந்த டன்னல்ல எங்க வண்டிக்கு அனுமதி இல்லம்மா. கேஸ் தொட்டி."

"நான் வேணா கேட்டுப் பாக்கட்டுமா?"

"கேக்க வேண்டியதில்ல. நான் பாத்துட்டேன்."

 "சரிப்பா" என்றாள்.

6

வண்டியை விற்பதற்கு முந்தின கோடை. மாரிட்டும் ஐவிந்தும் பிரிந்துவிட்டார்கள். வீட்டை விற்றாகிவிட்டது. கடைசி வாரம். சாமான் கட்ட உதவலாம் என்று ஹிஸ்கே வந்தார். ஹார்மனும் வந்தார், முகாம் வரைக்கும்.

முகாமில் தண்ணீர் பிடிக்கும் குழாயடியில் ஒரு பெரிய ஜெர்மன் வீட்டுவண்டி வந்து நின்றது. இவர்களுடையதைவிட உயரம். ஓட்டிவந்தவர் பெயர் போத்தோ. ஒரு நிமிடத்தில் பழகிவிடுகிற ஆள். ஹிஸ்கே பேச்சுக்குக் கேட்டார்:

"எங்கேர்ந்து வரீங்க?"

"மலைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து. கிராமத்துக் கடையில நல்ல ரொட்டி, வாங்கிப் பாருங்க."

"அப்ப உங்க வண்டியில கேஸ் இல்லையா?"

"கேஸ் இல்லாம காப்பி எப்படிப் போடறது? ரெண்டு சிலிண்டர் இருக்கு."

"டன்னல்ல தடையாச்சே?"

"என்ன தடை? எனக்கு முன்னாடி கேஸ் லாரியே போச்சேம்மா. அந்த ஊருக்கு வேற வழியே கிடையாது. லாரியை விடலன்னா அவங்க எப்படி அடுப்பெரிப்பாங்க?"

(வாசகர் கேட்பீர்கள்: மகளோடு காரில் அத்தனை தடவை போனவர், பேருந்து ஓட்டியவர், அந்தச் சுரங்கத்தில் ஒரு லாரியைக்கூடப் பார்க்கவில்லையா? நானும் கேட்டேன். ஹிஸ்கே சொன்னதை அப்படியே தருகிறேன்: "பாத்தேன். யோசிக்கல. நான் ஓட்டுவேன், அவர் சட்டம் பாப்பாரு. அவரு வேலையில நான் மூக்கை நுழைக்கறதில்ல. அதுதான் எங்களுக்குள்ள மரியாதைன்னு நினைச்சேன்.")

7

இந்தப் பகுதிக்கு ஹார்மன் பேசும் நீண்ட ஒப்புதல் ஒன்றை எழுதியிருந்தேன். ஒன்றரைப் பக்கம். நன்றாகவே வந்திருந்தது. நடந்தது அப்படியல்ல.

அவர் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். ஹிஸ்கே தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தார்.

"ஹார்மன், அந்த டன்னலுக்குத் தடை இருக்கா?"

சீவிக்கொண்டே, "இல்ல" என்றார்.

"சுவிஸ்ல நாம சுத்திப் போனோமே?"

"இல்ல."

"ஆஸ்திரியா? கணவாய்ல பனி பெஞ்சு நான் அழுதேனே, அன்னிக்கு?"

கத்தி நின்றது. "இல்ல, ஹிஸ்கே."

"ஏன்?"

"மூச்சு வராது."

ஹிஸ்கே முதலில் சிரித்துவிட்டாராம். இதை என்னிடம் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டார். "எனக்கு வேற ஏதோன்னு பயம். வேற பொம்பளை, சீட்டாட்டம், ஏதாவது. மூச்சா? இவ்வளவுதானான்னு சிரிச்சுட்டேன். அப்புறம்தான் மாரிட் ஞாபகத்துக்கு வந்தா."

சாயங்காலம் மாரிட் வந்தாள். கைகளில் பெட்டி ஒட்டும் நாடாவின் பிசின். வெயில் இன்னும் மலைமேல் இருந்தது. ஹிஸ்கே, "உங்கப்பாவுக்கு உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கதவை மட்டும் சாத்தவில்லை.

"அந்த டன்னலுக்குத் தடை எதுவும் இல்லம்மா."

"தெரியும்பா."

"தெரியுமா?"

"நீங்க சொன்ன மறுநாளே சாலைத்துறைக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன். அவங்களே சிரிச்சாங்க."

"அப்ப ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேட்டா உண்மையைச் சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

"என்ன உண்மை?"

"ஐவிந்தைப் பிடிக்கல, அவன் கட்டின வீட்டுப் படி ஏறமாட்டேன்னு."

ஹார்மன் அந்த இடத்தில் எழுந்து நின்றதாகச் சொன்னார். எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாராம்.

"எனக்கு அவனைப் பிடிக்கும்மா. எப்பவுமே பிடிக்கும். எனக்கு டன்னல்னா பயம். அவ்வளவுதான்."

 கோபத்தை எதிர்பார்த்தார். அவள் குரலில் வேறு ஏதோ இருந்தது.

"பயமா? அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா? பின் சீட்டுல படுக்க வெச்சு, கண்ணைக் கட்டி, பாட்டுப் பாடிக் கூட்டிட்டுப் போயிருப்பேனே. நீங்க ஒவ்வொரு தடவையும் ஊருக்குத் திரும்பினதும் நானும் ஐவிந்தும் அதைப் பத்தித்தான் சண்டை போடுவோம். 'உங்கப்பாவுக்கு நான் யாரு'ன்னு கேப்பான். எனக்குச் சொல்லத் தெரியாது."

"அதனாலதான் நீங்க பிரிஞ்சீங்களா?"

"இல்ல" என்றாள். பிறகு பிசினை விரலால் உருட்டிக்கொண்டே, "அதனால மட்டும் இல்ல" என்றாள்.

8

மறுநாள் வீட்டின் சாவியைக் கொடுக்கும் நாள்.

காலையில் மாரிட் காரைக் கொண்டுவந்தாள். ஹார்மன் சட்டை மாற்றி, தலை சீவித் தயாராக இருந்தார். முன் இருக்கையில் உட்கார்ந்தார். ஹிஸ்கே பின்னால். மாரிட் மெதுவாகத்தான் ஓட்டினாள். ஃபியோர்டை ஒட்டிய சாலை, செம்மறிகள், ஒரு திருப்பம், அப்புறம் மலை.

நுழைவதற்குச் சற்று முன்னால் வண்டிகள் ஒதுங்கி நிற்க இடம் இருக்கிறது. ஹார்மன் அங்கே வருமுன்பே மகளின் கையைத் தொட்டார். அவள் காரை ஒதுக்கி நிறுத்தினாள்.  மாரிட் அவசரப்படுத்தவில்லை. லாரிகள் போயின, வந்தன. எல்லாம் சாதாரணமாகப் போய் வந்தன.

"கொஞ்ச நேரம் இருக்கலாம்பா. அவசரம் இல்ல."

"நேரமாகலையா?"

"ஆகுது. பரவாயில்ல."

அவர் கதவைத் திறந்து இறங்கினார். காற்றுக்காக என்று இருவரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தாராம். ஆனால் திரும்பி ஏற முடியவில்லை. ஜன்னலில் குனிந்து, "நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

மாரிட் தலையசைத்தாள். அழவில்லை. கார் உள்ளே போனது. சிவப்பு விளக்குகள் கொஞ்ச தூரம் தெரிந்தன. அவர் சாலையோரமாக நடந்தே முகாமுக்குத் திரும்பினார்.

நடந்தது இதுதான். இதற்குமேல் அவரிடம் கதை இல்லை.

9

எனக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. எழுதுகிறவனுக்கு வேறு முடிவு போட உரிமை இருக்கிறதே என்று போட்டுப் பார்த்தேன்.

ஒன்றில் மாரிட் பின் இருக்கையில் அவரைப் படுக்கவைத்துப் பாடிக்கொண்டே ஓட்டுகிறாள். இது இனிப்பாக இருந்தது, நடந்திருக்கவே முடியாத அளவுக்கு.

இன்னொன்றில் ஹார்மன் சரிந்துபோன பழைய மலைச்சாலை வழியாக ஏறி, அந்தப் பக்கம் இறங்குகிறார். அவருடைய முழங்காலை எனக்குத் தெரியும். எழுதும்போதே பாதியில் நிறுத்திவிட்டேன்: 'மூன்றாவது சரிவில் அவர் உட்கார்ந்து —'

மூன்றாவதில் ஐவிந்த் சுரங்கத்தின் அந்த முனையிலிருந்து நடந்து வந்து அவரைக் கைகொடுத்து அழைத்துப்போகிறான். ஐவிந்த் அன்று ஊரிலேயே இல்லை.

இவற்றை ஒவ்வொன்றாக ஹார்மனிடம் டச்சில் சொல்லிக் காட்டினேன். கேட்டுக்கொண்டே மேசைமேல் இருந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒற்றி எடுத்தார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்:

"எது வேணா எழுதுங்க. எப்படி வேணா கூட்டிட்டுப் போங்க. ஆனா என்னை உள்ள கொண்டு போயிடுங்க. அந்த வீட்டுக்குள்ள. அடுக்களை எங்க இருக்கு, ஜன்னல்ல என்ன தெரியுது, எல்லாம் எழுதுங்க. உங்க மொழியிலயே இருக்கட்டும். நான் உள்ள இருக்கேன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்."

என்னிடம் இதுவரை ஒரு கதாபாத்திரம் எதையும் கேட்டதில்லை. நான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டைப் பற்றிக் கேட்க ஹிஸ்கேயிடம் போனேன். அவர் பார்த்தவர். பல தடவை தங்கியவர். தோட்டத்தில் லீக் என்னும் தடித்த வெங்காயத்தாள் நாற்றை நட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்ல மாட்டேன்" என்றார்.

"அவர்தான் கேட்டார்."

"தெரியும். என்கிட்டயும் கேட்டாரு. மாரிட்கிட்ட போட்டோ கேட்டாரு, அவளும் அனுப்பல." கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "கோவத்துல சொல்லலன்னு நினைக்காதீங்க. கோவமெல்லாம் போயிடுச்சு. நான் சொன்னா நீங்க நல்லா எழுதிடுவீங்க. எழுதினா அவரு பாத்த மாதிரி ஆயிடும். அப்புறம் வருத்தப்பட என்ன இருக்கு? அவரு படற அந்த வருத்தம் அவரோடது இல்ல, மாரிட்டுக்குச் சேர வேண்டியது. அதையும் அவகிட்டேர்ந்து எடுத்துக்க வேண்டாம்."

வரிசையில் அடுத்த குழிக்கு நகர்ந்தார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இன்னொருவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த வீட்டில் எத்தனை அறை, கதவு எந்தப் பக்கம் திறக்கும், எதுவும் எனக்குத் தெரியாது. கற்பனையில் ஒரு வீடு கட்டித் தரலாம். அது மாரிட் கட்டிய வீடாக இருக்காது. ஆகவே அடுத்த பகுதியை ஆரம்பித்து மட்டும் வைக்கிறேன். நடுவழியில் நின்றதற்கு என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். தொடர்வதா, அப்படியே விட்டுவிடுவதா என்பது இனி உங்கள் கையில்.

10

மாரிட் விலகி நின்று வழிவிட்டாள். ஹார்மன் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார். உள்ளே போனதும் அவர் கண்ணில் முதலில் பட்டது